ஆட்டுக்குட்டி எங்கே போயிருந்தது

ஐந்து வயதுப் பிள்ளை அழாமல் ஒரு காரியத்துக்குப் போனால், அது நல்ல காரியமாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஆளா நீங்கள்? அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். லில்லி டீச்சரும் அப்படித்தான் நம்பினாள். நம்பி, தன் கையாலேயே படம் போட்டு, பிள்ளைகளைச் சிரித்த முகத்தோடு தறிக்கு அனுப்பிவைத்தாள்.

ஓரிக்கை காலனியில் பிறந்தவள் லில்லி. அப்பன் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியே முதுகு வளைந்தவர். மிஷன் பள்ளிக்கூடம் அவளைப் பத்தாவது வரை கொண்டுபோய் விட்டது. அதற்குமேல் பால சேவிகைப் பயிற்சி. அறுபத்தாறில் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தை ஒட்டிய ஒரு நெசவுத் தெருவில், பால்வாடி டீச்சர் வேலை கிடைத்தது. தினமும் ஓரிக்கையிலிருந்து நடந்தே வருவாள்.

முதல் நாள் தெரு அவளிடம் கேட்டது, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பாய் என்பதல்ல. உப்புமாவை யார் கிண்டுவது என்பது. கிண்டுவதற்கு அங்கம்மாள் இருந்தாள். அதே தெருவில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே தாலியறுத்தவள். கோதுமை ரவையை அவள் கிண்டினால் பிள்ளைகள் தின்னலாம். லில்லி கரண்டியைத் தொட்டால் அப்பன்மாருக்கு வயிற்றைக் கலக்கும். தின்பது பிள்ளை, கலங்குவது அப்பன் வயிறு. எந்த வைத்தியரும் கண்டுபிடிக்காத இந்த வியாதிக்குத்தான் நம் ஊரில் ஆசாரம் என்று பெயர்.

அங்கம்மாள் மட்டும் ஆள் இல்லாத நேரத்தில் கரண்டியை லில்லியின் கையில் திணிப்பாள். "நான் கிண்டினத வாயில வைக்க முடியல. நீ தொட்டாவது ருசி வருதான்னு பாக்கலாம், இந்தா" என்பாள்.

பால்வாடி நடந்த அறை கலியாணசுந்தரத்தின் இடம். அறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தறிக் கொட்டகை. அவருடைய பாட்டன் முசரவாக்கத்தில் ஏர் ஓட்டியவர். அப்பன் டவுனுக்கு வந்து நூல் வியாபாரம் செய்தார். இவர் தறி முதலாளி. அறுபத்தேழில் ஆட்சி மாறியது. வாரம் முடிவதற்குள் இவர் தோள் துண்டின் கரையும் மாறியது. மேடை ஏறினால் சாதியையும் சகுனத்தையும் கிழித்துத் தொங்கவிடுவார். மேடையை விட்டு இறங்கியதும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒவ்வொரு தறிக்கும் சூடம் காட்டுவார். கீழ்ச்சாதிக்காரர் தறியருகே வந்தால் இழை அறும் என்பது அந்தக் கொட்டகையின் சட்டம். ஆகவே லில்லி சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தபடி தறிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாளே தவிர, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்ததில்லை.

என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். காஞ்சிப் பட்டுப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய ஓர் ஆளின் கை போதாது. நெசவாளி ஊடு நூல் அடைத்த நாடாக் கட்டையை எறிய, ஒரு பக்கக் கரைக்கு மட்டும் இன்னொருவர் உட்கார்ந்து நாடா எறிய வேண்டும். அந்தக் கைக்குக் கூலி குறைவாக இருக்க வேண்டும், விரல் சின்னதாக இருக்க வேண்டும், எதிர்த்துப் பேசத் தெரியாத வாயாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்திய ஆளை எங்கே தேடுவது? பால்வாடியில்தான்.

பழனியை அப்படித்தான் கொண்டு போனார்கள். அவன் அப்பனுக்குக் காசம். அறுபத்தெட்டு தை மாதத்தில் ஒரு காலை வேளை, ஐந்து வயதுப் பழனியைச் சித்தப்பன் தூக்கிக்கொண்டு போனான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அழுதது மத்தியானம் வரை இந்தப் பக்கம் கேட்டது. லில்லி பிள்ளைகளுக்கு உரக்கப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். பாட்டை மீறிக்கொண்டும் கேட்டது.

பழனியின் கூட்டாளி தேவகி. நெசவாளி குப்புசாமியின் மகள், அப்போது அவளுக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. உப்புமாவில் கிடக்கும் கடுகை ஒவ்வொன்றாகப் பழனி பொறுக்கிப் போட்டால்தான் அவள் வாயில் வைப்பாள். அவன் போன பிறகு அவள் தட்டைத் தொடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கேட்டால், "பழனி அதுக்குள்ள இருக்குறான்" என்பாள்.

சின்னப் பிள்ளைகளுக்கு நட்பு, பிரிவு, மாற்றம் இதெல்லாம் வாயால் சொன்னால் ஏறாது, படத்தில் காட்டு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். படப் புத்தகம் எங்கே இருந்தது? இலாகா அனுப்பியது ஒன்றே ஒன்று. அதில் கம்பளிக் குல்லாய் போட்ட வெள்ளைக்காரப் பிள்ளை பனியில் சறுக்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புல எதுக்கு டீச்சர் விளையாடுது?" என்று கேட்டார்கள்.

லில்லி தானே ஒன்று செய்தாள். ஜவுளிக் கடையில் தூக்கிப்போட்ட புடவைப் பெட்டி அட்டைகளைக் கேட்டு வாங்கி வெட்டினாள். சாயப் பட்டறையில் மிஞ்சிய சாயத்தைக் கொட்டாங்கச்சியில் பிடித்து வந்தாள். ஓர் ஆட்டுக்குட்டி, ஒரு காக்கை. காக்கை ஆட்டுக்குட்டியின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும்; இரண்டும் கூட்டாளிகள். ஒரு நாள் ஆட்டுக்குட்டியைக் காணவில்லை. காக்கை வேலியெல்லாம் தேடி அழுகிறது. பிறகு கன்றுக்குட்டியோடு பழகுகிறது, மறுபடி சிரிக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஆட்டுக்குட்டி திரும்பி வருகிறது. கொம்பு முளைத்திருக்கிறது, கழுத்தில் பித்தளை மணி தொங்குகிறது. நான் பெரியவனாகிவிட்டேன் என்கிறது.

அந்தப் பக்கம் வந்ததும் லில்லி பால்வாடி மணியைக் கையில் எடுத்து ஆட்டுவாள். பிள்ளைகள் குதிப்பார்கள். தேவகியும் மெல்ல இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஒரே ஒரு தரம் கேட்டாள்: "ஆட்டுக்குட்டி எங்க டீச்சர் போயிருந்துச்சு?"

"பெரியவனா ஆகப் போச்சும்மா" என்று சொல்லிவிட்டு லில்லி மறுபடி முதல் பக்கத்தைப் புரட்டினாள்.

அன்று மத்தியானம் தேவகி சாப்பிட்டாள். லில்லிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வட்டாரத்திலிருந்து வந்த மேற்பார்வை அம்மாள் புத்தகத்தைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். மணிச் சத்தம் கேட்டு ஒரு நாள் கலியாணசுந்தரமும் வாசலில் வந்து நின்றார். கதையை முழுதாகக் கேட்டார். இதேபோல் இன்னொன்று செய்து தரும்படியும், வீட்டில் பேரப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்றும் சொல்லி, மறுநாளே ஒரு வர்ணப் பெட்டி வாங்கி அனுப்பினார். அவருடைய பேரப் பிள்ளைகள் மெட்ராஸில் கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை லில்லி யோசிக்கவில்லை. முதல் புத்தகத்தைவிடப் பிரமாதமாக ஒன்று செய்து கொடுத்தாள்.

அந்த வருஷம் விஜயதசமிக்கு இரண்டு பிள்ளைகள் தறிக்குப் போனார்கள். இரண்டும் அழவில்லை. பிள்ளைகள் போவது லில்லிக்குப் பிடிக்கத்தான் இல்லை. ஆனாலும் அதுகள் அழாமல் போனதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. வீட்டில் அம்மாவிடம்கூடச் சொன்னாள்.

அறுபத்தொன்பது புரட்டாசியில் ஒரு நாள் தேவகிக்குப் பால்வாடியிலேயே ஜுரம் வந்து உடம்பு அனலாய்க் கொதித்தது. அவள் அம்மா செல்லியம்மாள் நூல் சுற்றப் போயிருந்தாள். அப்பன் கொட்டகையில். லில்லி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாக ஓடினாள். கொட்டகை வாசலை நெருங்கியபோது, சுவருக்கு இந்தப் பக்கம் தறிச் சத்தத்தில் அமுங்கிப்போயிருந்த ஏகப்பட்ட மணிகள் உள்ளே கிணுகிணுத்தன. யாரோ ஆட்டுக் கிடையை உள்ளே கட்டி வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தாள்.

ஆடு இல்லை. இருட்டும் எண்ணெய்ச் சிக்கும் ஈர மண் வாடையுமாக, வரிசையாக, கால் இறக்கி மிதிக்கும் தறிக் குழிகள். ஒவ்வொரு நெசவாளியின் பக்கத்திலும் ஒரு பிள்ளை, பலகையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு பித்தளை மணி.

குப்புசாமி பதறிப்போய், அங்கேயே நில்லுங்க டீச்சரம்மா, வாசப்படி தாண்டாதீங்க என்று கத்தினான். மகளுக்கு ஜுரம் என்பது இரண்டாவதாகத்தான் அவன் காதில் ஏறியது. அவன் தறியில் இருந்தது பழனி. லில்லியைப் பார்த்தான், கண் மட்டும் வந்தது, தலை திரும்பவில்லை, கை நிற்கவில்லை. அந்த மணி எதற்கு என்று லில்லி கேட்டாள்.

"அதுவா? முதலாளி ஏற்பாடு" என்றான் குப்புசாமி, ஏதோ புது மிஷின் வந்ததைச் சொல்வதுபோல. "கை ஓடினா மணி ஓடும். மணி நின்னுச்சின்னா பையன் தூங்கிட்டான்னு அர்த்தம். திரும்பிப் பாக்க வேண்டியதே இல்ல. எல்லாம் உங்க புஸ்தகம்தான் டீச்சரம்மா. முன்னெல்லாம் இதுங்கள இழுத்துக்கினு வர்றதுக்குள்ள தாவு தீந்துடும். இப்ப மணி கட்டுங்க, மணி கட்டுங்கன்னு தானா வருதுங்க."

நடுத்தூணில் அவள் பிரமாதமாகச் செய்து கொடுத்த புத்தகம் ஆணியில் தொங்கியது. கடைசிப் பக்கம் விரிந்திருந்தது. கொம்பு முளைத்த ஆட்டுக்குட்டிக்கு யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். தோளில் கிடந்த தேவகி ஜுரத்தோடு முனகினாள்: "எனக்கும் விஜயதசமிக்கு மணி கட்டுவாங்க டீச்சர்."

அன்று முழுக்க லில்லியால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. அந்தக் கை போட்ட படம் அல்லவா? திருடனுக்கு ஏணி செய்து கொடுத்தவளுக்காவது கூலி கிடைக்கும். இவளுக்குக் கிடைத்தது ஒரு வர்ணப் பெட்டி.

மறுநாள் கலியாணசுந்தரத்திடம் போய் நின்றாள். அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்று கேட்டாள். அவர் கோபிக்கவே இல்லை. கோபித்திருந்தால் மனிதர் என்றாவது சொல்லலாம்.

"ஏம்மா லில்லி, அழுதுக்கினு வந்தா நல்லா இருக்குதா, சிரிச்சிக்கினு வந்தா நல்லா இருக்குதா? நீயே சொல்லு" என்றார். முதல் நாள் தறியில் உட்காரும் பிள்ளை அழுதால் அந்தத் தறிக்கு வருஷம் முழுக்க ஆகாது, இழை அறுந்துகொண்டே இருக்கும் என்று விளக்கினார். சகுனத்தைக் கிழிக்கிற அதே வாய். பிறகு துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "உங்க ஆளுங்க புள்ளைங்க வயல்ல இறங்குச்சிங்களே, அதுங்களுக்கு யாரு படம் போட்டுக் காட்டினாங்க? இதுங்களுக்காவது நீ இருக்கிற" என்று சிரித்தார்.

செல்லியம்மாளிடம் போனாள். தேவகியை இந்த விஜயதசமிக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு, அன்றைக்கு முனிசிபல் பள்ளியில் புதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். செல்லியம்மாள் நூல் சுற்றும் கையை நிறுத்தாமல், "நான் இன்னா டீச்சரம்மா பண்ணுவேன்? அதுவே போறேன்னு நிக்குது. கனவுல கூட மணி, மணின்னுது. அவங்க அப்பாரு தறிக்குத்தானே போவுது" என்றாள். பழனியை வேறு தறிக்கு மாற்றிவிட்டு, தேவகியை அவள் அப்பன் பக்கத்திலேயே உட்கார வைப்பதாக ஏற்பாடு.

லில்லிக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. அந்தத் தெருவில் யாரிடம் பேசியும் பயனில்லை. தறிக்குப் போக ஆசைப்படுவது தேவகி. அந்த ஆசையை ஊட்டியது புத்தகம். புத்தகம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டியிருந்தது.

நெசவுக்காரருக்கு அமாவாசை விடுமுறை. அன்று தறி ஓடாது. அந்த வாரம் வந்தது மாளய அமாவாசை. தெரு முழுக்க ஆண்கள் தலை முழுகி, செத்துப்போன தாத்தனுக்குப் பசிக்குமே என்று காக்கைக்குச் சோறு வைத்து, கா கா என்று கூரையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒன்றுக்குப் போகக்கூட நேரம் விடாத கூட்டம், எப்போதோ எரித்த கிழவனின் பசிக்கு உருகியது. அந்த நேரத்தில் லில்லி பழனியைப் பால்வாடிக்குக் கூப்பிட்டு வந்தாள்.

அவனுக்கு ஏழு வயது ஆகியிருந்தது. உடம்பு பழைய அளவிலேயே நின்றிருந்தது. தேவகி நகர்ந்து வந்து அவனை ஒட்டி உட்கார்ந்தாள். லில்லி தன்னிடமிருந்த முதல் புத்தகத்தைப் பிரித்து, காக்கை தேடி அழுகிற பக்கத்தில் நிறுத்தினாள். ஆட்டுக்குட்டி எங்கே போயிருந்தது என்று டீச்சருக்குத் தெரியவில்லை, பழனிக்குத்தான் தெரியும், அவன் சொல்லட்டும் என்றாள்.

அங்கம்மாள் உப்புமாத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். பாதி தின்றுவிட்டுச் சொன்னான்:

"ஆடு இருட்டோட போச்சு. குழியாண்ட குந்திக்கினு இருந்துச்சு."

லில்லி புது அட்டையை எடுத்துக் குழி வரைந்தாள். குழியருகே ஆட்டுக்குட்டியை வரைந்தாள்.

"ஒண்ணுக்கு வந்தாச் சொல்லக் கூடாது. முழம் முடியணும். இழை அறுந்துச்சினா ஆட்டோட காதத் திருகுவாங்க. தூங்கினா நாடாவால மண்டையில தட்டுவாங்க."

ஒவ்வொன்றாக வரைந்தாள்.

"காக்கா பாக்க வரலியா?" என்று தேவகி கேட்டாள்.

"வந்தா தொரத்திடுவாங்க."

"மணி?"

பழனி யோசித்தான். "மணி ஆட்டுக்குப் புடிக்கல" என்றான்.

அந்தப் பக்கங்களை நடுவில் சேர்த்துத் தைத்து, கடைசிப் பக்கத்தைப் பிய்த்து அடுப்பில் போட்டாள் லில்லி. பூசை விடுமுறை வரும் வரை தினமும் அந்தப் புத்தகத்தையே காட்டினாள். அங்கம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, வேலை போயிடும், தெரியுதா?" என்றாள். போகட்டும் என்றாள் லில்லி. "உன்னுது போனா போவட்டும். என்னுதும் சேந்து போவுமே" என்று முணுமுணுத்தவள், கொஞ்ச நேரம் கழித்து, அட்டை பிரியாமல் ஒட்டப் பசை காய்ச்சி எடுத்து வந்தாள்.

விஜயதசமியன்று கொட்டகை வாசலில் வாழைமரம், மாவிலை, ஒலிபெருக்கி. தேவகியும் இரண்டு பையன்களும் குளித்து, புதுத்துணி உடுத்தி, பூமாலையோடு நின்றார்கள். கலியாணசுந்தரம் தாம்பாளத்திலிருந்து மணியை எடுத்தார். லில்லி தெருவின் எதிர்ப்பக்கம், நடக்க அனுமதித்த இடத்தில் நின்றிருந்தாள்.

மணி கழுத்துக்கு வந்ததும் தேவகி அலறினாள். சாதாரண அழுகை இல்லை. வாழைமரத்தைக் கட்டிக்கொண்டு, தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். அவளைப் பார்த்துப் பையன்கள் இருவரும் ஆரம்பித்தார்கள். குப்புசாமி மகளைப் பிடித்து இழுத்தான், அதட்டினான், மிட்டாய் காட்டினான். அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஆட்டுக்குப் புடிக்கல, ஆட்டுக்குப் புடிக்கல."

அவள் அழுகைக்காக அங்கே யாரும் கலங்கவில்லை. தறிக்கு ஆகாதே என்றுதான் கலங்கினார்கள். பூசைக்கு வந்தவர் உதட்டைப் பிதுக்கி, இன்றைக்கு வேண்டாம், தை பிறக்கட்டும் என்றார். முதலாளியின் முகம் கறுத்தது. மணி தாம்பாளத்துக்குத் திரும்பியது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து செல்லியம்மாள் வந்தாள். வாழைமரத்திலிருந்து மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுபோ என்றான் குப்புசாமி.

"வீட்டுக்கு எதுக்கு? நல்ல நாள் அதுவுமா புள்ளைய அலங்காரம் பண்ணி இட்டாந்தோம். தறி வேணாம்னு சொல்லிடுச்சு. இஸ்கூல்ல இன்னிக்குச் சேத்துக்கினு இருக்காங்க, அங்க போறேன்" என்றாள். அவன் முதலாளியைப் பார்த்தான். அவள் யாரையும் பார்க்கவில்லை. கழுத்து மாலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். எதிர்ப்பக்கமிருந்து லில்லியும் கூடவே நடந்தாள். தேவகி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள்.

இத்தோடு முடித்தால் உங்களுக்கு மனசு குளிர்ந்துவிடும். குளிர வேண்டாம். தை பிறந்ததும் பூசைக்காரர் பரிகாரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பூசணிக்காய் ஒன்று உடைத்தால் அழுகைத் தோஷம் போய்விடுமாம். பூசணிக்காய் உடைந்தது. அந்தப் பையன்கள் இருவரையும் அழ அழவே உட்கார வைத்தார்கள். காலனிக்காரி கொட்டகை வாசல் வரை வந்து தீட்டாக்கிவிட்டாள் என்று புகார் போய், மாசிக்குள் லில்லி மாகறலுக்கு மாற்றப்பட்டாள். பால்வாடி அறையில் இப்போது நூல் மூட்டை கிடக்கிறது. கலியாணசுந்தரம் எழுபத்தொன்றுத் தேர்தலில் குழந்தைகளின் எதிர்காலம் பற்றி மூன்று தெரு அதிரப் பேசினார், கை தட்டினார்கள். தேவகி இன்று ஆறாவது படிக்கிறாள். பழனிக்குப் பதின்மூன்று வயது. கையெழுத்துப் போடத் தெரியாது.

மாகறலில் லில்லி இன்னும் அட்டை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளைப் பாராட்டிக் கடிதம் எழுத வேண்டாம். உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ, பள்ளிக்கூடம் போகாத ஆறு வயதுப் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கிறது. தறியிலோ, டீக்கடையிலோ, உங்கள் வீட்டு அடுப்படியிலேயோ. நாளைக் காலையில் அந்தப் பிள்ளையின் தாயைப் போய்ப் பாருங்கள். மறுப்பாள், உட்கார்ந்து பேசுங்கள். மறுபடி போங்கள். பிள்ளையை நீங்களே அழைத்துக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் முன்னால் நிறுத்துங்கள். பெயரை எழுதிக்கொள்ளும் வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.